ரோபோவுக்கு உணர்ச்சி வந்தா அது மனுஷனாகிடுமா?

[திரையில்: நீலக் கண்கள், சிவப்பு உதடுகள், ஆடும் காதுகளோடு ஒரு உலோகத் தலை]

குரல்: இதோட பேரு கிஸ்மெட். 1990கள் முடியற நேரத்துல அமெரிக்காவுல, எம்.ஐ.டி. ஆய்வகத்துல சிந்தியா பிரசீல் உருவாக்கினது. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது. ஆனா பயம், கோபம், அருவருப்பு, சோகம் எல்லாம் முகத்துல வரும். திட்டினா தலை தொங்கிடும். சோதனைக்காகத் திட்ட வந்தவங்களே மனசு கேக்காம அதைச் சமாதானப்படுத்தியிருக்காங்க.

அந்தச் சோகம் எங்கிருந்து வருதுன்னு உள்ள பார்ப்போம்.

[திரையில்: மூன்று பட்டைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சைப் பகுதி]

குரல்: கிஸ்மெட்டுக்கு மூணு தேவைகள். பழக ஆள் வேணும், விளையாடப் பொருள் வேணும், ஓய்வு வேணும். ஒவ்வொண்ணும் கணினியில ஒரு எண், அவ்வளவுதான். யாருமே வரலைன்னா, ஆளுக்கான எண் தன்னால ஒரு பக்கமா நகர்ந்துக்கிட்டே போகும். ஒரு முகம் தெரிஞ்சா திரும்பி வரும். அதே முகம் மூக்குக்கு நேரா வந்து ஆட்டினா, எதிர்ப்பக்கம் எகிறிடும். பச்சையில இருக்கிற வரைக்கும் நிம்மதி.

இதோட, நடக்கிற ஒவ்வொண்ணுக்கும் மூணு மதிப்பு விழும். கிளர்ச்சி, அதாவது படபடப்பு, எவ்வளவு? பிடிச்சதா, பிடிக்காததா? கிட்டப் போகணுமா, விலகணுமா? பிடிக்காத பக்கம் சாஞ்சு கிளர்ச்சியும் இறங்கினா சோகம். அதே பிடிக்காத பக்கத்துல கிளர்ச்சி ஏறி, விலகணும்னும் வந்தா பயம். எல்லா உணர்ச்சியும் போட்டி போட்டு, எது ஜெயிக்குதோ அதுதான் முகத்து மோட்டார்களை இயக்கும்.

[திரையில்: ஏறி இறங்கும் வரைபடம், இரண்டு கோடுகள்: 0.6, 0.4]

குரல்: இதே மாதிரி ஒண்ணை நீங்களும் ஒரு சின்ன கண்ட்ரோலர் போர்டுல எழுதலாம். சொதப்புறது பெரும்பாலும் ரெண்டு இடத்துல. முதல்ல, உணர்ச்சி தேயற வேகம். சீக்கிரமாத் தேய்ஞ்சா, பழுதான டியூப்லைட் மாதிரி முகம் விட்டு விட்டு மாறும். மெதுவாத் தேய்ஞ்சா, நீங்க கொஞ்ச ஆரம்பிச்ச பிறகும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கும். ரெண்டாவது, வரம்பு. பயம் தொடங்கவும் அடங்கவும் ஒரே எண்ணை வெச்சா, சென்சார்ல வர்ற சின்ன தடுமாற்றத்துக்கே ஊசலாடும். அதனால 0.6-ஐத் தாண்டினா தொடங்கட்டும், 0.4-க்குக் கீழ வந்தாதான் அடங்கட்டும். இந்த இடைவெளி இருந்தா முகபாவம் நம்பற மாதிரி நிலையா இருக்கும்.

இன்னொண்ணு, கிஸ்மெட்டுக்கு வார்த்தை புரியாது. குரலோட ஏற்ற இறக்கத்தையும் அழுத்தத்தையும் வெச்சு, பாராட்டா, கண்டிப்பா, கூப்பிடறதா, ஆறுதலான்னு பிரிக்கும். "நல்லா கிழிச்சே, போ"ன்னு கொஞ்சற குரல்ல சொல்லிப் பாருங்க, குஷியாயிடும்.

இப்ப மனுஷங்க பக்கம் வருவோம்.

[திரையில்: மூளையின் குறுக்குவெட்டு, இரு பக்கமும் பாதாம் அளவில் அமிக்டலா]

குரல்: பயத்துக்கு முக்கியமான இடம் அமிக்டலா. ஒரு அரிய நோயால ரெண்டு பக்க அமிக்டலாவும் அழிஞ்சுபோன ஒரு பெண்ணைப் பத்தி 2011-ல ஓர் ஆய்வு வந்தது. பாம்பு, சிலந்தி, பேய் வீடு எதைக் காட்டியும் அவங்களுக்குப் பயம் வரலை. 2013-ல ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவங்களுக்கு மாஸ்க் வழியா 35 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றைக் கொடுத்தாங்க. ஒரே ஒரு மூச்சு. பதறிப்போயிட்டாங்க. அதே பாதிப்பு இருந்த இன்னும் ரெண்டு பேரும் அப்படித்தான்.

ரத்தத்துல அமிலத்தன்மை ஏறினதும் மூளைத்தண்டு அபாய மணி அடிக்குது. பாம்பைப் பார்த்து வராத பயம், மூச்சு முட்டினதும் வந்துடுச்சு. ஏன்னா அங்க போகப்போறது உயிர். கிஸ்மெட்டோட பயத்துல எதுவும் போகாது. எண் எவ்வளவு எகிறினாலும் மோட்டார் கெடாது, ரீஸ்டார்ட் பண்ணினா பழைய இடத்துக்கே வந்துடும்.

இந்த ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு. பாம்புக்குப் பயப்படாத அந்தப் பெண் மனுஷிதான், அதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. நாய்க்குப் பயம், பாசம், ஏக்கம் எல்லாம் உண்டு, ஆனா அது மனுஷன் இல்ல. அப்போ உணர்ச்சியை வெச்சு மனுஷனான்னு முடிவு பண்ற அளவுகோல் ரெண்டு முனையிலயும் உடையுது. 2017-ல சோஃபியாங்கிற ரோபோவுக்கு சவுதி அரேபியா குடியுரிமை அறிவிச்சதும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்ல, அது நல்ல விளம்பரம்.

சாட்பாட் "எனக்கு வருத்தமா இருக்கு"ன்னு எழுதுதேன்னு கேக்கலாம். அடுத்து என்ன சொல் வரும்னு கணிக்கிறதுதான் அதோட அடிப்படைப் பயிற்சி. மனுஷங்க வருத்தத்தைப் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்காங்க. அதனால அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சாட்சியா எடுத்துக்க முடியாது. கிஸ்மெட்லயாவது, சோகம் இந்த எண்தான்னு விரல் வெச்சுக் காட்டலாம்.

[திரையில்: மென்மையான ரப்பர் கை, உள்ளே சென்சார் இழைகள்]

குரல்: சரி, இழக்க ஏதாவது இருக்கிற ரோபோவைச் செஞ்சா? 2019-ல மூளை ஆய்வாளர்களான கிங்சன் மேன், அன்டோனியோ டமாசியோ ரெண்டு பேரும் இதைத்தான் முன்வெச்சாங்க. இரும்புக்குப் பதிலா கிழியக்கூடிய மென்மையான உடல், அதுக்குள்ள பரவின சென்சார்கள், தன்னைக் காப்பாத்திக்க வேண்டிய கட்டாயம். வழக்கமா ரோபோ கெடாம இருக்கத்தான் பொறியாளர்கள் பாடுபடுவாங்க. இங்க கெடறதுதான் வடிவமைப்பே. எனக்கு இதுல உறுத்தறது பேக்கப். முழு நிலையையும் நகல் எடுத்து வேற உடல்ல ஏத்த முடிஞ்சா, இழப்புன்னு எதைச் சொல்றது?

இது ஜெயிச்சாலும் கிடைக்கப்போறது மனுஷன் இல்ல, வலி தெரிஞ்ச ஒரு பொருள். இந்தியாவுல எலியை வெச்சு ஆய்வு பண்ணணும்னா, நிறுவனத்தோட விலங்கு நெறிமுறைக் குழுகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். எலி மனுஷனான்னு யோசிச்சு யாரும் அந்த விதியைப் போடலை, எலிக்கு வலிக்கும்னுதான் போட்டாங்க. ரோபோவோட தோலைக் கிழிச்சுப் பார்க்க, இப்போதைக்கு அந்த மாதிரி ஒரு படிவம் கிடையாது.