சிப்பியும் ஸ்பகெட்டியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'புளூ இஸ் த வார்மஸ்ட் கலர்' என்ற பிரெஞ்சுப் படத்தில் அதேல், எம்மா என்ற இரு பெண்களின் முதல் காதல் முறிந்ததற்குக் காரணம் துரோகமா, வர்க்கமா? இதுதான் இன்றைய வழக்கு. வர்க்கமே என்பது என் வாதம். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், 'அதேல் தன்னோடு வேலை பார்த்த ஆணிடம் போனாள், எம்மா வீட்டை விட்டுத் துரத்தினாள், வேறென்ன காரணம் வேண்டும்?' என்று கேட்டார். அம்மா, அது மரம் சாய்ந்த நாள். வேரில் கோடரி விழுந்த நாளுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

லீல் நகரம். இரண்டு வீடுகள், இரண்டு விருந்துகள். எம்மாவின் வீட்டில் வசதியானவர்களின் விருந்தான சிப்பியும் வெள்ளை மதுவும். சிப்பி தனக்கு ஆகாது என்று முன்பே சொன்னவள் அதேல். அங்கே காதலிக்காக அதைச் சாப்பிடக் கற்றுக்கொள்கிறாள். அந்த வீட்டில் அவள் மகளின் காதலி என்று எல்லோருக்கும் தெரியும். அதேலின் வீட்டிலோ தட்டு நிறைய ஸ்பகெட்டி, எளிய மக்களின் அன்றாட நூடுல்ஸ் சாப்பாடு. அங்கே எம்மா, தத்துவப் பாடம் சொல்லித் தரும் தோழி மட்டுமே. எம்மா ஓவியம் பயில்கிறவள்; ஓவியம் வரைந்தால் வயிறு நிறையுமா என்பது அதேலின் அப்பாவின் கவலை. எம்மா தனக்கு ஒரு காதலன் இருப்பதாகப் பொய் சொல்லிச் சமாளிக்கிறாள். உண்மையைச் சொல்லும் துணிவுகூட வசதியுள்ள வீட்டில்தான் எளிதாக வாய்க்கிறது, நடுவர் அவர்களே!

இனி அந்தத் தோட்ட விருந்து. இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கிவிட்டார்கள். காதல் தொடங்கியபோது எம்மாவின் தலைமுடியில் இருந்த நீலச் சாயம் இப்போது இல்லை. வந்தவர்கள் எல்லாம் கலை உலகத்தவர்கள். அவர்கள் கிளிம்ட், ஷீலே என்று ஓவியர்களைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, அதேல் என்ன செய்கிறாள்? அப்பா வீட்டு ஸ்பகெட்டியைச் சமைத்து, தட்டுத் தட்டாகப் பரிமாறுகிறாள். எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவுகிறாள். இரவு படுக்கையில் எம்மா, 'நீ எழுதலாமே' என்கிறாள். சின்னக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவதை மனமார விரும்பிச் செய்கிறவளிடம் இதைச் சொல்கிறாள்! 'உன்னோடு இப்படி இருப்பதே எனக்கு நிறைவு' என்ற பதில் எம்மாவுக்குப் போதவில்லை. நான் அந்தக் காட்சியில்தான் அழுதேன். அதன் பிறகு எம்மா வேலை வேலை என்று லீஸ் என்ற தோழியோடு இருக்க, அதேல் வெற்று வீட்டில் தவிக்கிறாள். அவள் தவறியது உண்மை. அதை நான் மறைக்கவில்லை.

நீண்ட படுக்கையறைக் காட்சிகளைப் பற்றியும் கேட்டார்கள். எனக்கும் அவை உறுத்துகின்றன. படப்பிடிப்பில் பட்ட சிரமத்தை நடிகைகள் இருவரும் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனால் இந்த வழக்குக்கு அவை சாட்சி அல்ல.

'ஊர் ஏற்கவில்லை' என்று சொல்லி யாரும் தப்பிக்கவும் முடியாது. பிரான்ஸில் ஒருபாலினத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 மே 18. அதற்கு எட்டே நாளில், கான் திரைப்பட விழாவில் இந்தப் படத்தின் இயக்குநர் கெஷிஷுக்கும் நடிகைகள் இருவருக்கும் சேர்த்து அவ்விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வழங்கினார்கள். அதே நாளில் பாரிஸ் தெருக்களில் அச்சட்டத்தை எதிர்த்துப் பெரும் பேரணி நடந்தது. அந்தப் பகை நாடெங்கும் இருந்தது. ஆனால் இவர்களைப் பிரித்தது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

எதிரணிக்கு ஒரே கேள்வி. பிரிந்து சில ஆண்டுகள் கழித்து இருவரும் ஓர் உணவகத்தில் சந்திக்கிறார்கள். அதேல் கெஞ்சுகிறாள். எம்மாவிடம் கோபம் இல்லை. 'உன் மேல் எனக்கு அளவற்ற பரிவு இருக்கிறது' என்கிறாள். துரோகம்தான் காரணமென்றால், கோபம் ஆறிய பிறகும் அவள் ஏன் திரும்பவில்லை? லீஸோடும் குழந்தையோடும் தன் உலகத்திலேயே தங்கிவிட்டாளே!

கடைசியில் எம்மாவின் ஓவியக் கண்காட்சிக்கு அதேல் நீல உடை உடுத்தி வருகிறாள். அவளுடைய உருவமும் அங்கே சுவரில் தொங்குகிறது. கூட்டத்தில் சற்று நேரம் நிற்கிறாள். பிறகு வெளியே வந்து, தெருவில் தனியாக நடந்து போகிறாள். நடுவர் அவர்களே, அவள் முதுகைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.