ஜூலை, ஆகஸ்டில் புவேர்த்தோ வயார்த்தா: குடும்பத்தோடு கிளம்புமுன் தீர்மானிக்க வேண்டியவை

[திரையில்: பண்டேராஸ் விரிகுடாவின் வரைபடம். மேற்கே பசிபிக் கடல், கிழக்கே மலைத்தொடர்.]

வணக்கம். மெக்சிகோவின் பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தில், பண்டேராஸ் விரிகுடாவின் வளைவில் இருக்கிறது புவேர்த்தோ வயார்த்தா. பள்ளி விடுமுறையில் குழந்தைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் அங்கே அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. விளம்பரங்களில் நாம் காணும் தெளிந்த நீல வானமும், துள்ளி எழும் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் குளிர்காலத்துக்கு உரியவை. திமிங்கிலங்கள் டிசம்பரில் வந்து மார்ச் மாத வாக்கில் வடக்கே திரும்பிவிடுகின்றன. ஜூலையில் நீங்கள் காணப்போவது பச்சை பிடித்த மலைகள், வெதுவெதுப்பான கடல், புழுக்கம், இரவில் இடி மின்னல். ஊர் அதேதான், ஆனால் பயணம் முற்றிலும் வேறு.

பயணம் என்றதும் பலர் பார்க்க வேண்டிய இடங்களைத்தான் முதலில் பட்டியலிடுகிறார்கள். கோடையில் இந்த ஊருக்கு அந்த முறை சரிவராது. நாளின் எந்த நேரத்தில் வெளியே இருப்பது, வெளியே இருக்க முடியாத நேரத்தில் எங்கே இருப்பது என்ற இரண்டையும் தீர்மானித்த பிறகே மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

[திரையில்: கடற்காற்று மலைமீது ஏறி மேகமாகும் அசைவுப் படம்.]

நமக்குக் கோடை என்றால் காய்ந்த வெயில். அங்கே கோடைதான் மழைக்காலம். ஜூன் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை அது நீடிக்கிறது. பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். சென்னையின் மே மாதத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இந்த எண் ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே நிற்கிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது என்பதால், நிழலில் உட்கார்ந்திருந்தாலும் களைப்பு நீங்குவதில்லை. இரவிலும் வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. சிறு குழந்தைகளும் முதியவர்களும் இதில் நம்மைவிட வேகமாகத் தளர்ந்துவிடுவார்கள்.

மழை பெய்யும் நேரத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பகலில் தரை சூடேற, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வீசுகிறது. நகரத்துக்குப் பின்னால் எழும் சியேரா மாத்ரே மலைச்சரிவில் மோதி அது மேலேறி, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. மாலையிலோ இரவிலோ அந்த மேகம் கரையை நோக்கி நகர்ந்து கொட்டித் தீர்க்கிறது. ஆகவே பெரும்பாலான நாட்களில் காலை வேளை தெளிவாகவே இருக்கும். வானிலைச் செயலியில் வாரம் முழுவதும் மின்னல் படம் தெரிந்தால் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. அந்தப் படம் இரவு மழையையும் சேர்த்தே சொல்கிறது.

இன்னொரு செய்தியையும் கணக்கில் கொள்ளுங்கள். இந்த ஊரின் கடிகாரம் நடு மெக்சிகோவின் நேரத்தைப் பின்பற்றுகிறது. ஆனால் ஊர் அந்த நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. இதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் பகல் 1 மணி தாண்டியிருக்கும். ஜூலை மூன்றாம் வாரத்தில் அது ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கிறது. நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். கடுமையான வெயில் நேரம் காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நீளும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. விடிவது காலை 6:30 மணியளவில். அப்போதே எழுந்து, 7 மணிக்குக் கடற்கரைக்குப் போய், 10:30 மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். உணவும் உறக்கமும் முடித்து மாலை 5 மணிக்கு மேல், மேகத்தைப் பார்த்துக்கொண்டு, மறுபடியும் வெளியே கிளம்பலாம். விடுமுறையிலுமா விடியலில் எழுவது என்று வீட்டில் எதிர்ப்பு வரும். முதல் நாள் பகல் 1 மணிக்கு மணலில் கால் வைத்துப் பார்த்தவர்கள் இரண்டாம் நாள் எதிர்க்க மாட்டார்கள்.

எந்த மாதம் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், என் பரிந்துரை ஜூன் முதல் பாதிதான். மழை இன்னும் வலுத்திருக்காது, மாம்பழமும் கிடைக்கும். அடுத்த தேர்வு ஜூலை. ஆகஸ்ட் அதற்குப் பின். செப்டம்பரில் மழை மிகுதி; கூட்டம் குறைவதால் பல உணவகங்கள் அந்த மாதத்தில் கதவை அடைத்துவிடுகின்றன. மெக்சிகோவின் பள்ளி விடுமுறை ஜூலை நடுவில் தொடங்குவதால், குவாதலஹாரா நகரத்துக் குடும்பங்கள் வார இறுதியில் கார்களில் வந்து குவிவார்கள். ஞாயிறு மாலையிலோ திங்களன்றோ போய்ச் சேருமாறு டிக்கெட் எடுத்தால் நெரிசலும் அறை வாடகையும் சற்றுக் குறையும். தமிழ்நாட்டிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி: நம் பள்ளிகள் மூடும் ஏப்ரல், மே மாதங்களில் அங்கே மழையே இல்லை எனலாம்.

[திரையில்: மூன்று தங்குமிடப் பகுதிகள் வண்ணம் தீட்டிய நகர வரைபடம்.]

இனித் தங்குமிடம். நாளின் நடுவே ஆறு மணி நேரத்துக்கு மேல் அறையில் கழிக்கப்போகிறோம் என்பதால், இதில் காட்டும் கவனம் வேறெதற்கும் தேவையில்லை.

குவாலே ஆற்றின் தென்கரையில் இருக்கும் பழைய நகரப் பகுதியில் உணவகம், கடை, லோஸ் முவேர்த்தோஸ் கடற்கரை ஆகிய அனைத்தும் நடைதூரத்தில் கிடைக்கும். ஆனால் தெருக்களில் உருளைக்கல் பதித்திருக்கிறார்கள். குழந்தை வண்டி அதில் உருளாது. கடற்கரையை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால் மலைச்சரிவு தொடங்கிவிடும். பலத்த மழையில் அந்தச் சரிவுத் தெருக்களில் வெள்ளம் ஓடை போல் பாயும். முழங்கால் வலி உள்ள அம்மாவோ அப்பாவோ உடன் வருகிறார்கள் என்றால், தெருவிலிருந்து கதவு வரை எத்தனை படிகள், மின்தூக்கி உண்டா என்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் அழகான வீடுகள் பெரும்பாலும் படிகளின் உச்சியில்தான் இருக்கின்றன.

அந்த வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய வயார்த்தா வீடுகள் பலவற்றில் கூடத்துக்குக் கடல் பக்கம் சுவரே இருக்காது. ஜனவரியில் அது சொர்க்கம். ஆகஸ்டில் கொசுவும் சாரலும் புழுக்கமும் நேரே கூடத்துக்கு வந்துவிடும். குளிர்சாதனம் படுக்கையறையில் மட்டும் இருக்கும். குளிர்சாதன வசதி உண்டு என்ற ஒற்றை வரியை நம்பாமல், ஒவ்வொரு படுக்கையறையிலும் இருக்கிறதா, கூடத்தை மூட முடியுமா, சன்னலில் கொசுவலை இருக்கிறதா, மின்சாரக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அங்கே சுவரில் மாட்டும் ஏசியை மினிஸ்பிளிட் என்பார்கள்.

குழந்தைகள் சிறியவர்கள் என்றால், விமான நிலையத்துக்கு அருகே மரீனா பகுதியிலோ, அதற்கும் நகரத்துக்கும் இடையே உள்ள ஹோட்டல் வரிசையிலோ தங்குவதே எளிது. தரை சமமானது, நீச்சல் குளம் இருக்கும், உணவு கீழ்த்தளத்திலேயே கிடைக்கும். அமேகா ஆற்றைக் கடந்து நயரித் மாநிலத்துக்குள் போனால் நீண்ட சமமான கடற்கரையும், சாப்பாடும் சேர்த்துக் கட்டணம் வாங்கும் பெரிய விடுதிகளும் இருக்கின்றன. நகரத்துக்கு வந்து போவதற்குத்தான் நேரம் பிடிக்கும். நயரித்தின் அந்தப் பகுதி முன்பு ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தை வைத்திருந்து பயணிகளைக் குழப்பியது. 2010 முதல் இரு கரைக்கும் ஒரே நேரம்தான்.

[திரையில்: கடற்கரைக் கொடிகள், முகத்துவார எச்சரிக்கைப் பலகை.]

ஆகஸ்டில் கடல் நீர் ஏறக்குறைய 30 டிகிரி வரை சூடாக இருக்கும். அதில் விளையாடும் குழந்தையும் தாகத்தால் வாடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. இரவு பலத்த மழை பெய்திருந்தால், மறுநாள் காலை ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய பகுதியில் குளிப்பதைத் தவிருங்கள். மலையிலிருந்து அடித்து வரும் சேறும் கழிவும் மரக்கட்டைகளும் அங்கேதான் சேரும். கோடையில் ஜெல்லிமீன்களும் வரும் என்பதால் குழந்தைகளுக்கு முழுக்கை நீச்சல் உடை நல்லது. வெயிலுக்கும் அதுவே காப்பு. முகத்துவாரங்களிலும் கழிமுகக் காடுகளை ஒட்டிய நீர்நிலைகளிலும் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அந்தி சாய்ந்த பிறகு அந்த ஓரங்களில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள்.

கோடையில் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒன்று இருக்கிறது: கடலாமை. நம் கரையில் பங்குனி ஆமை என்று அழைக்கப்படும் அதே இனம், சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும் அதே இனம், இந்த விரிகுடாவில் ஜூலை வாக்கில் கரையேறத் தொடங்குகிறது. மெக்சிகோவில் ஒருகாலத்தில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் இவை பெருமளவில் கொல்லப்பட்டன. 1990-இல் அரசு அதற்கு முழுத் தடை விதித்தது. இப்போது பாதுகாப்பு முகாம்களும் சில விடுதிகளும் முட்டைகளை வேலியிட்ட இடத்துக்கு மாற்றிப் பாதுகாக்கின்றன. முட்டை பொரிய ஏறக்குறைய 45 நாட்கள் ஆகும். எனவே குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால், ஜூலை தொடக்கத்தில் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகஸ்ட் பிற்பகுதி பொருத்தம். பள்ளி திறக்கும் தேதி இடம் கொடுத்தால், ஜூனை விட்டு ஆகஸ்டைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமான காரணம் என்பேன். அங்கே போகும்போது பூச்சிவிரட்டியோ வெயில் களிம்போ பூசிய கையால் குஞ்சுகளைத் தொடக் கூடாது. ஒளிப்பான் (ஃபிளாஷ்) போட்டுப் படம் எடுக்கவும் கூடாது.

பகல் சுற்றுலா ஒன்றிரண்டு போதும். தெற்கே படகில் மட்டுமே எளிதில் சேரக்கூடிய யெலாப்பா கிராமத்துக்கு லோஸ் முவேர்த்தோஸ் துறையிலிருந்து படகு டாக்ஸி போகிறது. காலையில் கடல் அமைதியாக இருக்கும்போதே போய், கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டுக்கொண்டு, பிற்பகல் அலை எழுமுன் திரும்பிவிடுங்கள். நகரத்துக்குத் தெற்கே 24 கிலோமீட்டர் தொலைவில் மலைக்காட்டுக்குள் இருக்கும் தாவரவியல் பூங்கா, கடலோரத்தைவிடச் சற்றுக் குளுமையானது. விரிகுடாவின் வாயிலில் இருக்கும் மரியேத்தாஸ் தீவுகளில் உள்ள குகைக் கடற்கரைக்குச் சுரங்கம் போன்ற வழியில் நீந்தித்தான் நுழைய வேண்டும். சிறு குழந்தைகள் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

[திரையில்: மலேகோன் நடைபாதை, குடுவையுடன் தூபா விற்பவர்.]

உணவில், சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது பருப்பும் சோறும்தான். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும், சோற்றைக் கோழிச் சாற்றில் வேக வைப்பதும் அங்கே வழக்கம். கொழுப்பில்லாமல் வேண்டும் என்பதற்கு "சின் மந்தேகா", கோழிச்சாறு இல்லாமல் என்பதற்கு "சின் கால்தோ தே போயோ" என்று கேளுங்கள். மீன் உண்பவர்கள் லோஸ் முவேர்த்தோஸ் மணலில் குச்சியில் செருகிச் சுட்டு விற்கும் மீனைத் தவறவிடக் கூடாது. கடலோர நடைபாதையான மலேகோனில் தூபா விற்பவர்களைப் பார்க்கலாம். அது தென்னம்பாளையிலிருந்து இறக்கிய சாறு. நறுக்கிய ஆப்பிளும் நிலக்கடலையும் தூவித் தருவார்கள். பாளை சீவும் அந்தக் கலை, 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் மாலுமிகளோடு இந்தக் கரைக்கு வந்தது. நேரம் ஆக ஆக அது புளிக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு வாங்கினால் புதிதாக இறக்கியதைக் கேட்டு வாங்குங்கள். குழாய் நீரைக் குடிக்க வேண்டாம். வீடுகளில் 20 லிட்டர் குடுவையில் தண்ணீர் வைத்திருப்பார்கள்.

மழைக்காலம் டெங்குக் காலமும்கூட. அந்தக் கொசு பகலில் கடிப்பது என்பதால் பூச்சிவிரட்டி காலையிலேயே தேவை. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர, இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நுழைவு விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனிச் சுற்றுலா விசா தேவையில்லை. அமெரிக்காவில் வேலை செய்பவர்கள், கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் காலாவதித் தேதியை டிக்கெட் எடுக்குமுன் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். விமான நிலையத்தில் சுங்கச் சோதனை முடிந்து வெளிக்கதவுக்குப் போகும் வழியில், டாக்ஸி வேண்டுமா என்று அன்போடு அழைப்பவர்கள் பெரும்பாலும் டைம்ஷேர் விற்பனையாளர்கள், அதாவது விடுதியில் ஆண்டுதோறும் சில நாட்கள் தங்கும் உரிமையை விற்பவர்கள். நிற்காமல் நடந்து விடுங்கள்.

[திரையில்: கிழக்குப் பசிபிக் புயல்களின் பாதைகள்.]

கடைசியாகப் புயல். கிழக்குப் பசிபிக்கின் புயல் பருவம் மே 15 முதல் நவம்பர் 30 வரை. இந்த விரிகுடாவை உலுக்கிய புயல்களில் 2002-இன் கென்னா, 2023-இன் லிதியா ஆகியவை அக்டோபரில் வந்தவை. 2015 அக்டோபரில் வந்த பத்ரீசியா நகரத்துக்குத் தெற்கே கரை கடந்ததால் ஊர் தப்பியது. ஆகஸ்டும் விலக்கல்ல: 2021 ஆகஸ்ட் இறுதியில் நோரா கரையோரமாக நகர்ந்தபோது குவாலே ஆறு பெருகிக் கட்டடங்களைச் சாய்த்தது. ஆகவே ஆற்றங்கரையை ஒட்டிய அறை வேண்டாம். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பயணக் காப்பீடு அந்தப் புயலுக்குப் பொதுவாகச் செல்லாது; டிக்கெட் எடுக்கும் நாளிலேயே வாங்குங்கள். கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள அறையாகப் பார்த்து எடுத்து, அந்தக் கெடு முடிவதற்கு முன், அமெரிக்காவின் தேசியப் புயல் மையம் வெளியிடும் கிழக்குப் பசிபிக் முன்னறிவிப்பையும், உங்கள் அரசு வெளியிடும் ஹலிஸ்கோ மாநிலத்துக்கான பாதுகாப்பு அறிவுரையையும் ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.