ஒற்றை நாற்காலியும் மேடுபள்ளமும்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கிற வெர்மான்ட் மாநிலத்தில், ஃபேஸ்டன் என்கிற சின்ன ஊரை ஒட்டி ஸ்டார்க் மலை இருக்கிறது. அந்த மலைச்சரிவில் மேட் ரிவர் க்ளென் என்று ஒரு பனிச்சறுக்குத் தலம். பெரிய தலங்களைப் பேரங்காடி என்றால் இது தெருமுனை மளிகைக் கடை. ஆனால் மோகல் சறுக்கு, அதாவது பனிமேடுகளுக்கு நடுவே சறுக்குவது, என்றால் என்ன என்று ஒரே நாளில் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான மலை எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே உச்சிக்குப் போகிற, கம்பிவடத்தில் நாற்காலிகள் தொங்கும் லிஃப்டில் ஒரு நாற்காலிக்கு ஒருவர்தான் உட்காரலாம். 1948இல், ரோலண்ட் பால்மேடோ இந்தத் தலத்தைத் தொடங்கியபோது போட்டது. 2007இல் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் புதுப்பித்தார்கள். அப்போதும் நான்கு பேர் உட்காரும் இருக்கைக்கு மாறாமல், ஒற்றை நாற்காலியையே திரும்ப மாட்டினார்கள். 1995 முதல் இந்த மலை அங்கே சறுக்குகிறவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து. ஆகவே அந்த முடிவும் அவர்களுடையதுதான். வெறும் பழம்பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு பேர் இருக்கை உள்ள நவீன லிஃப்ட் மணிக்கு 2,000 பேருக்கு மேல் உச்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டும். ஒற்றை நாற்காலி ஏற்றுவது அதில் கால்பங்கு அளவுதான். கீழே வரிசையில் காத்திருக்க வேண்டும், நிஜம். ஆனால் மேலே பனி பிழைக்கிறது. பனி பிழைத்தால்தான் நல்ல மோகல்.

மோகல் என்றதும் நம் காதில் முகலாயர்தான் வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆஸ்திரியாவில் பேசும் ஜெர்மன் வழக்கில் சிறு மேட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மலையில் பேச்சுவழக்கில் 'பம்ப்' என்றுதான் சொல்வார்கள். நாம் மேடு என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த மேடுகளை யாரும் கட்டுவதில்லை. ஒலிம்பிக் போட்டியில் நீங்கள் பார்க்கிற வரிசைவரிசையான மேடுகள் வேறு. அவை இயந்திரம் வைத்து அளவாகச் செய்தவை. இயற்கையான மேடு சறுக்குகிறவர்களின் திருப்பங்களால் உருவாவது. புதுப்பனி விழுந்த சரிவில் முதல் ஆள் ஒரு திருப்பம் போடுகிறார். காலில் மாட்டிய சறுக்குப் பலகையான ஸ்கியின் ஓரம் பனியைச் சுரண்டி, திருப்பத்தின் வெளிப்பக்கம் சின்னக் குவியலாக ஒதுக்குகிறது. அடுத்து வருகிறவர் குவியலின் மேல் ஏறுவாரா? சுற்றிக்கொண்டு போவார். அதனால் குவியல் வளர்கிறது, பள்ளம் ஆழமாகிறது. காலையில் 20 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்து, தட்டிச் சமப்படுத்தும் வண்டி ஏறாமல் இருந்தால், மதியத்துக்குள் முழங்கால் உயர மேடுகள் எழும்பிவிடும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மேடுகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மெதுவாக மலையில் மேல்நோக்கி ஏறுகின்றன. பனி கீழே போகிறது, மேடு மேலே போகிறது. காரணம் எளிது. சறுக்குகிறவர் மேட்டைத் தாண்டியதும் அதன் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டு இறங்குகிறார். சுரண்டிய பனி அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் போய்ச் சேர்கிறது. கீழ்முகம் தேய்ந்து மேல்முகம் வளர்ந்தால் மேடு மேலே நகரத்தானே செய்யும்? நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர்தான். ஆனாலும் ஒரு பருவம் முழுக்கக் கூட்டிப் பாருங்கள்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மோகல் சறுக்கில் எல்லாம் ஒரே கேள்வியில் அடங்கும்: சுரண்டிய பனி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது? பதில், மேட்டின் மேல்முகத்தில். அங்கே பனி மென்மை. பள்ளத்திலோ எல்லோரும் சுரண்டிப் பனிக்கட்டிதான் மிஞ்சியிருக்கும். புதிதாக வருகிறவர் மேட்டைக் கண்டு பயந்து பள்ளத்துக்குள் பிரேக் போடப் பார்ப்பார். கண்ணாடி மேல் பிரேக் பிடித்த கதைதான். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம், எதிரே முட்டுவது போல் நிற்கும் அடுத்த மேட்டின் மேல்முகம்.

ஒற்றை நாற்காலியில் போகும்போது பேசத் துணை கிடையாது. பத்து நிமிடத்துக்குக் குறையாத பயணம். காலுக்குக் கீழேயே சூட், லிஃப்ட்லைன் என்ற இரண்டு கடுமையான தடங்கள். அந்த நேரத்தில் நிறத்தைப் படியுங்கள். மங்கலான வெள்ளை என்றால் உதிரிப் பனி. சாம்பலோ நீலமோ கலந்து மினுங்கினால் பனிக்கட்டி. பழுப்புப் புள்ளி தெரிந்தால் மண்ணோ பாறையோ எட்டிப் பார்க்கிறது. செயற்கைப் பனி இங்கே மிகக் குறைவு, வானம் கொடுத்ததுதான். அதனால் பருவத் தொடக்கத்திலும் ஜனவரியில் ஒரு மழை பெய்த பிறகும் பழுப்பு நிறையவே தெரியும். மழைக்கு மறுநாள் உறைந்துவிட்டால் மேடுகளெல்லாம் சிமெண்ட். அன்று சமப்படுத்திய எளிய தடத்தில் பழகிவிட்டு வீட்டுக்குப் போவதே உத்தமம்.

கருவிகளுக்கு வருவோம். மோகலுக்கென்றே செய்த ஸ்கியின் இடுப்பு, அதாவது நடுப்பகுதி, அகலம் 65 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பொதுப் பயன்பாட்டுக்கு 70 முதல் 85 வரை போதும். 100க்கு மேல் போனால் ஓரத்துக்கு ஓரம் மாற்ற நேரம் பிடிக்கும். குறுகலான பள்ளத்தில் அந்த நேரம் கிடைக்காது. முனை கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். விறைப்பான முனை மேட்டில் இடித்ததும் ஆளையே பின்னால் தள்ளிவிடும். கைக்கோல் வழக்கத்தைவிட 5 சென்டிமீட்டர் குட்டையாக இருக்கட்டும். வழக்கமான அளவு பார்ப்பது எப்படி என்றால், கோலைத் தலைகீழாகத் திருப்பி, நுனியருகே இருக்கிற வட்டுக்குக் கீழே பிடித்து நில்லுங்கள். முழங்கை செங்கோணமாக இருந்தால் சரி. மேட்டின் தலை உங்களை நோக்கி எழும்பி வருவதால், அந்த அளவுக் கோல் இங்கே நீளம். ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் கையைத் தூக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளும். பூட், அதாவது சறுக்குக் காலணி, ஸ்கியிலிருந்து கழன்றுவர வைக்கும் பைண்டிங் என்கிற பிடிப்பின் அழுத்தத்தைக் கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், திறமை எல்லாம் பார்த்து வைத்திருப்பார். மேட்டில் ஸ்கி கழன்றுவிடுகிறது என்று நீங்களாகத் திருகாதீர்கள். பாதிச் சமயம் கோளாறு திருகில் இல்லை. பூட்டின் அடியில் ஒட்டிய பனிதான். மாட்டுமுன் கோலால் சுரண்டித் தட்டுங்கள்.

காலை ஒன்பது மணிக்கே மேட்டுக்கு ஓடாதீர்கள். மார்ச், ஏப்ரலில் இரவில் உறைந்தது வெயில் பட்டு இளக பத்தரை, பதினொன்று ஆகும். அதுவரை அடிவாரத்துச் சமப்படுத்திய சரிவிலும், சன்னிசைட் லிஃப்ட் பக்கத்து எளிய தடங்களிலும் குட்டைத் திருப்பங்கள் போட்டுக் காலைச் சூடாக்குங்கள். மதியம் மூன்றுக்கு மேல் நிழல் விழுந்ததும் அதே பனி திரும்ப இறுகும். ஆக, நல்ல நேரம் நான்கு மணி நேரம்தான்.

இப்போது மேட்டுக்குள் போவோம். முதல் பயிற்சியில் திருப்பமே வேண்டாம். மேடுகளின் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சாய்வாகக் கடந்து போங்கள். மேடு வரும்போது முழங்கால் தானாக மேலே வரட்டும், மேட்டைக் கடந்ததும் காலை நீட்டிப் பள்ளத்தைத் தொடுங்கள். தலை ஒரே உயரத்தில் போக வேண்டும். மாட்டு வண்டியில் சக்கரம் குழியில் இறங்கி ஏறும். நல்ல கார் என்றால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. உங்கள் கால்தான் அந்த ஸ்பிரிங். தலை ஏறி இறங்கினால் இன்னும் ஸ்பிரிங் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அடுத்து ஒரே ஒரு திருப்பம். மேட்டின் தலைக்கு வந்ததும் ஸ்கியின் முன்பாதியும் பின்பாதியும் அந்தரத்தில் இருக்கும். காலுக்கு நேர்கீழே மட்டும்தான் பனி. ஸ்கியைத் திருப்ப இதைவிடச் சுலபமான இடம் மலையில் கிடையாது. கோலை மேட்டின் தலைக்குச் சற்றுக் கீழே ஊன்றுங்கள், பாதத்தைத் திருப்புங்கள், மேட்டின் தோளோரமாக வழுக்கி இறங்கி, அடுத்த மேட்டின் மேல்முகத்தில் நில்லுங்கள். முழுசாக நில்லுங்கள். பிறகு இரண்டு திருப்பம், நிற்க. மூன்று, நிற்க. ஐந்தாவதில் கட்டுப்பாடு போகிறதென்றால் நான்கோடு நிறுத்துங்கள். ஏழு திருப்பம் அலங்கோலமாக வருவதைவிட நான்கு சுத்தமாக வருவது மேல்.

எல்லோரும் செய்கிற தப்பு பின்னால் உட்காருவது. ஸ்கி முனை மேட்டில் மோதி மேலே எழும்புகிறது. உடல் பயத்தில் பின்வாங்குகிறது. எடை குதிகாலுக்குப் போனதும் முனை பனியைத் தொடாது, திருப்பவும் முடியாது. ஸ்கி வாணம் போலப் பாய்கிறது. "முன்னால் சாயுங்கள்" என்று பயிற்சியாளர்கள் கத்துவார்கள். அப்படிச் சொன்னால் பலர் இடுப்பை மடித்துக் குனிகிறார்களே தவிர எடை முன்னால் வருவதில்லை. நான் சொல்வது வேறு. மேட்டின் தலையில் குதிகால்களை இடுப்புக்குக் கீழே பின்னுக்கு இழுங்கள், நின்றபடியே ஷூவை உதறுவது போல. கணுக்கால் மடங்கி, முன்னங்கால் எலும்பு பூட்டின் நாக்கை அழுத்தும். பிறகு முனையைப் பள்ளத்தை நோக்கிக் குத்துங்கள். அழுத்தம் விட்டுப்போனால் அடுத்த மேட்டில் அடி நிச்சயம்.

கண் ஸ்கி முனையில் இருக்கக் கூடாது. மூன்று மேடு தள்ளி இருக்க வேண்டும். கை இரண்டும் எப்போதும் பார்வைக்குள் இருக்கட்டும். ஊன்றிய கை பின்னால் தங்கிவிட்டால் தோள் சுழலும், அடுத்த திருப்பம் தாமதமாகும்.

எந்த வழியில் இறங்குவது? பள்ளங்களைத் தைத்தது போல நேராக இறங்குவதை ஸிப்பர் வழி என்பார்கள். போட்டியாளர்களின் வழி அது. ஒலிம்பிக் மதிப்பெண்ணில் 60 சதவீதம் திருப்பத்துக்கு, 20 தாவலுக்கு, 20 வேகத்துக்கு. நேராகப் போவதில் அவர்களுக்கு லாபம் உண்டு. நமக்கு லாபம் இல்லை. பள்ளத்தின் வெளிவிளிம்பை ஒட்டி, கிண்ணத்தின் சுவரில் உருளும் கோலிக்குண்டு போல அகலமாகச் சுற்றி வாருங்கள். ஒதுக்கப்பட்ட பனி அங்கேதான் கிடக்கிறது; வேகமும் தானாகக் குறையும்.

இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு இந்த மலையில் அனுமதி இல்லை. அதனால்தான் எங்கள் மேடுகள் உருண்டையாக இருக்கின்றன என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையடிப்பார்கள். அந்தப் பலகை பக்கவாட்டில் வழித்து மேட்டை வெட்டிவிடும் என்பது அவர்கள் கணக்கு. பாதி உண்மை. பயந்துபோய்ப் பக்கவாட்டில் வழித்துக்கொண்டு இறங்குகிற ஸ்கிக்காரரும் மேட்டை அதே மாதிரிதான் வெட்டிச் சிதைப்பார். கூட்டம் குறைவு என்பதே பெரிய காரணம்.

முழங்காலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இதே பள்ளத்தாக்கில், பக்கத்துத் தலமான ஷுகர்புஷில், ராபர்ட் ஜான்சன், கார்ல் எட்லிங்கர், ஜாஸ்பர் ஷீலி ஆகியோர் 1972இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் சறுக்குக் காயங்களைப் பதிவு செய்தார்கள். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் எப்படி அறுகிறது என்பதை அதிலிருந்து விளக்கினார்கள். ஆள் பின்னால் சரிகிறார். இடுப்பு முழங்காலுக்குக் கீழே போகிறது. மலைப்பக்கத்துக் கை பின்னால், மலைப்பக்கத்து ஸ்கி அந்தரத்தில், மொத்த எடையும் கீழ்ப்பக்க ஸ்கியின் வால் உள்ளோரத்தில். அந்த வால் பனியில் கடித்து முழங்காலை முறுக்கிவிடுகிறது. மேட்டில் பின்னால் உட்காருகிறவர் நாள் முழுக்க இந்த நிலைக்கு ஒரு அங்குலம் தள்ளித்தான் இருக்கிறார். விழப்போவது தெரிந்தால் கையை முன்னே கொண்டுவந்து கால்களைச் சேருங்கள். விழுந்தபின், சறுக்கல் முழுசாக நிற்கும்வரை எழுந்திருக்க முயலாதீர்கள். ஓடுகிற ஸ்கியின் மேல் எழுந்து நிற்கப் பார்ப்பதில்தான் பலருக்குக் கால் போகிறது.

ஓய்வெடுக்கத் தடத்தின் ஓரத்துக்குப் போங்கள். பெரிய மேட்டுக்குக் கீழே ஒதுங்கி நின்றால் மேலிருந்து வருகிறவருக்கு நீங்கள் கண்ணில் படமாட்டீர்கள். கீழே இருப்பவருக்கே வழி உரிமை. ஆனால் அந்த உரிமை இடியைத் தாங்காது.

தொடை நடுங்கத் தொடங்கினால் அன்றைக்கு மேடு போதும், கேட்டமவுண்ட் போன்ற சற்று எளிய தடத்தில் இறங்கிவிடுங்கள். கீழே வந்ததும் பூட்டின் உள்ளுறையைக் கழற்றித் தனியே காய வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். ஸ்கியின் ஓரக்கம்பியைத் துணியால் துடைத்து, விரல்நகத்தை அதன் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் சீவினால் கூர்மை இருக்கிறது. எங்கேனும் தடுக்கினால் அது பாறை உரசிய பிசிறு. வைரத்தூள் பதித்த தீட்டுக்கல்லை நனைத்து அந்த இடத்தில் மட்டும் நாலைந்து தடவை தேயுங்கள். ராத்திரி அப்படியே விட்டால் காலையில் அந்த இடத்தில் துரு நிற்கும்.

வணக்கம்.