தலை தொங்கின பூனை

வணக்கம். வீட்ல பத்து வயசு தாண்டுன பூனை இருந்தா அது எப்படி உக்காந்திருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்து கேளுங்க.

ஒரு அக்கா 13 வயசுப் பூனைய கூடைல கொண்டாந்தாங்க. "டாக்டர், வயசாயிடுச்சு, ஃப்ரிட்ஜ் மேல தாவுறதே இல்ல"ன்னாங்க. மேஜைல இறக்கி விட்டா தாடை நெஞ்சுல ஒட்டிக்கிட்டு இருக்கு, என்னைப் பாக்கணும்னா கண்ண மட்டும் மேல உருட்டுது, கழுத்த தொட்டா வலியும் இல்ல. இத வயசுன்னு விட்ராதீங்க, நான் எத்தன தடவ சொன்னாலும் எனக்கு அலுக்காது, இது வயசு இல்ல. ரத்தத்துல பொட்டாசியம் 2.4தான் இருந்துச்சு, 3.5க்கு மேல இருக்கணும். பிபி 200 தாண்டியிருந்துச்சு.

சிறுநீரகத்துக்குப் பக்கத்துல அட்ரீனல்னு ஒரு சுரப்பி, பூனைக்கு உளுந்து தடிமன்தான் இருக்கும். அதுல சில வகைக் கட்டி வந்தா ஆல்டோஸ்டீரோன்ங்கிற ஹார்மோன் அளவில்லாம சுரக்கும். அது உப்ப உடம்புல தேக்கி வச்சுக்கிட்டு பொட்டாசியத்த மூத்திரத்துல தள்ளிடும். அதான் தசை துவண்டு தலை தொங்குது, பிபி ஏறுது. அந்த பிபியால விழித்திரை பிரிஞ்சு ராத்திரியோட ராத்திரியா கண்ணு தெரியாம போன பூனைங்கள பாத்திருக்கேன், அதனாலதான் சொல்றேன், பிபி பாக்கச் சொல்லிக் கேளுங்க. முன்னங்கால்லயோ வால்லயோ சின்னப் பட்டைய சுத்திப் பாக்குறதுதான், ஆனா வந்த உடனே பாக்கக் கூடாது, பயத்துலயே ஏறிடும், கொஞ்ச நேரம் அமைதியா இருக்க விடணும்.

சிக்கல் என்னன்னா கிட்னி கெட்டுப் போன கிழப் பூனைக்கும் பொட்டாசியம் குறையும், பிபி ஏறும். அதனால கிட்னின்னு சொல்லி அங்கயே நின்னுடுறோம். வயித்த ஸ்கேன் பண்ணி ரெண்டு அட்ரீனலையும் பாத்துட்டு, ஆல்டோஸ்டீரோன் டெஸ்ட்டும் எடுக்கணும்.

அந்தப் பூனைக்கு பொட்டாசியம், ஆல்டோஸ்டீரோன் வேலையத் தடுக்குற ஸ்பைரோனோலாக்டோன், அம்லோடிபின் ஆரம்பிச்சோம். அம்லோடிபின் தாத்தா சாப்பிடுற அதே பிபி மாத்திரைதான், ஆனா தயவுசெஞ்சு தாத்தா டப்பாலேருந்து உடைச்சுக் குடுத்துராதீங்க, அளவே வேற. நாலாம் நாள் அக்கா ஃபோன் பண்ணி, "நிமிந்து என்னைப் பாக்குது டாக்டர்"னு அழுதாங்க.

நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க, ஆபரேஷன பத்தி ரெண்டே வார்த்தை. கட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்து வேற எங்கயும் பரவலன்னா எடுத்துட்டா குணமாக வாய்ப்பு நிறைய. பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது, கட்டி அதுக்குள்ள புகுந்திருக்கலாம், அதனால முன்னாடியே சிடி ஸ்கேன் எடுத்துட்டு, பழகுன சர்ஜன்கிட்ட மட்டும் பண்ணுங்க. நன்றி, வணக்கம்.