ஏழாவது ஓவரில் போன ஒரு ரன்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் பல்லடம் பக்கத்துக்காரன். 22 வருடமாக எங்கள் ஊர் கிரிக்கெட் குழுவுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். ஆடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கல்யாணம் ஆகும், வெளியூர் போவார்கள், முட்டி வலி வரும். ஸ்கோர் புத்தகம் மட்டும் என்னிடமே இருக்கிறது. இன்றைக்கு அதில் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒரு ரன்னில் தோற்ற ஆட்டம் அது.

ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனிக்கெல்லாம் லீவு, அதனால் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். உடுமலை பக்கம், காற்றாலைகள் நிற்கிற காட்டுக்கு நடுவில் மைதானம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கொடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அன்றைக்கு ஸ்டம்ப் மேல் வைக்கிற சின்ன மரக்குச்சிகள், அதாவது பெயில்ஸ், நிற்கவே இல்லை. வைக்க வைக்க விழுந்தது. கடைசியில் இரண்டு அம்பயர்களும் பேசி, பெயில்ஸ் இல்லாமலே ஆடலாம் என்று முடிவு செய்தார்கள். விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

முதலில் அவர்கள் ஆடினார்கள். 30 ஓவரில் 142. அதில் ஒய்டு, அதாவது மட்டைக்கு எட்டாமல் போன பந்துக்குச் சும்மா கொடுத்த ரன், மட்டும் 13. காற்றுக்கு எதிராகப் போட்ட பையன்களுக்குப் பந்து கைக்கு அடங்கவில்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 13 என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நாங்கள். ஏழாவது ஓவரில் எங்கள் தொடக்க ஆட்டக்காரர், குழுவில் எல்லோரும் அண்ணா என்று கூப்பிடுகிற மனிதர், மிட் விக்கெட் பக்கம் தட்டிவிட்டு இரண்டு ஓடினார். மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு வராமல், கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே திரும்பிவிட்டார். அம்பயர் கையை மடித்து, விரல் நுனியால் தன் தோளைத் தொட்டார். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் ஒரு தடவை செய்து பாருங்கள், வலது கை என்றால் வலது தோள். அதுதான் ஷார்ட் ரன்னுக்கு சைகை. ஓடினது இரண்டு, கணக்கில் ஒன்று. நானும் கையைத் தூக்கி, பார்த்துவிட்டேன் என்று காட்டி, 1 என்று எழுதி ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ‘ஷா’ என்று குறித்துக்கொண்டேன். அது என் பழக்கம். மைதானத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கவும் மாட்டார்கள், இன்னும் 23 ஓவர் இருக்கிறதே.

கடைசி ஓவர். ஜெயிக்க 9 ரன் வேண்டும். முதல் பந்தில் ஒரு சிங்கிள், அந்தப் பக்கம் இருந்த பையன் மட்டைக்கு வருகிறான். பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறவன், அவனுக்கு அது இரண்டாவது ஆட்டமோ மூன்றாவது ஆட்டமோ. இரண்டு எடுத்தான். அடுத்தது ஒன்றும் இல்லை. அடுத்தது கவர் பக்கம் நாலு! அதற்கடுத்ததும் ஒன்றும் இல்லை. கடைசிப் பந்துக்கு இரண்டு வேண்டும். எங்கள் ஸ்கோர் 141.

பந்து போட்டவர் மேற்கிலிருந்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வந்தார். பையன் நேராக அவர் தலைக்கு மேலே தூக்கினான். மட்டையில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, அவ்வளவு சுத்தமான அடி. வேறு மாதத்தில் என்றால் அது தென்னந்தோப்புக்குள் போயிருக்கும். மேல்காற்று அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. லாங் ஆனில் நின்றவர் இருபது அடி முன்னால் ஓடி வந்து பிடித்தார். முடிந்தது, ஒரு ரன்னில் தோல்வி.

வேப்பமரத்தடியில் எல்லோரும் அவனைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தட்டிவிட்டு ஒன்று ஓடியிருந்தாலே டை ஆகியிருக்குமே, எதுக்குடா தூக்கினே என்று. பையன் கால் பேடைக்கூட அவிழ்க்கவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தான். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ஓவரில் வந்த 7 ரன்னில் 6 அவன் எடுத்தது. ஏழாவது ஓவரில் போன ரன்னும் முப்பதாவது ஓவரில் போன ரன்னும் ஒரே ரன்தான். திரும்பவும் சொல்கிறேன், ஒரே ரன்தான். கடைசியில் போனது கண்ணுக்குத் தெரிகிறது, முதலில் போனது புத்தகத்துக்கு மட்டும்தான் தெரிகிறது.

இந்த ஒரு ரன் விஷயம் எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. 1987, அக்டோபர் 9. சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும், உலகக் கோப்பை ஆட்டம். எங்கள் ஊரில் விசைத்தறிச் சத்தத்தில் ரேடியோ கேட்காது, நானும் மாமாவும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கிணற்றுமேட்டுக்குப் போய்விட்டோம். ஆஸ்திரேலியா ஆடும்போது டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்தை நாலு என்று கொடுத்திருந்தார்கள். ஆட்ட இடைவேளையில் அதுபற்றிப் பேச்சு வந்து, அது ஆறுதான் என்று இந்திய கேப்டன் கபில்தேவ் ஒத்துக்கொண்டார். 268 என்று இருந்தது 270 ஆயிற்று. ஒரு கட்டத்தில் இந்தியா 2 விக்கெட்டுக்கு 207, ஜெயித்த மாதிரிதான். மடமடவென்று சரிந்து, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கடைசி ஆட்டக்காரர் மணீந்தர் சிங்கை ஸ்டீவ் வா போல்ட் செய்தார். 269. ஒரு ரன்! ஊரே மணீந்தரைத் திட்டியது. மாமா மட்டும், “அந்த ரெண்டு ரன்னு மத்தியானமே போயிருச்சு கண்ணு” என்றார். கபில்தேவ் ஒத்துக்கொண்டது சரிதான் என்றும் சொன்னார். எனக்கும் இன்றுவரை அதே எண்ணம்தான்.

சரி, நம்ம பையனுக்கு வருவோம். மூன்று ஞாயிறு அவன் மைதானத்துக்கு வரவில்லை. நான்காவது வாரம் ஸ்கோர் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்விட்டேன். திண்ணையில் அவனுடைய அமுச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, கடலை உரித்துக்கொண்டு இருந்தார். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு ஓவராக விரல் வைத்துக் காட்டினேன். இது ஒய்டு, இதுவும் ஒய்டு, இது எறிந்ததில் தவறிப்போன இரண்டு ரன், இதோ ‘ஷா’. இது மட்டும் இல்லாமல் இருந்தால் அன்றைக்கு டை தம்பி என்றேன். ரொம்ப நேரம் அந்த எழுத்தையே பார்த்தான். அப்புறம், “இதை அண்ணாகிட்டச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டான். இல்லை என்றேன். “சொல்ல வேண்டாமுங்க” என்றான்.

அமுச்சிக்கு கிரிக்கெட் தெரியாது. கடலையை என் கையில் கொடுத்து, “ஏனுங்க, அந்த மேகாத்தையும் எழுதி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். எழுதவில்லை. அன்றிலிருந்து பக்கத்தின் மேல் மூலையில் எழுதுகிறேன், காற்று மேற்கு, பலம், அல்லது இல்லை என்று.

ஸ்கோர் எழுதப் பழகுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் பாதிப் பேச்சை வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். அதனால் மூன்றே விஷயம். பேனா வேண்டாம், பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஓவர் முடிந்ததும் எதிரணி ஸ்கோரரிடம் வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள், ஆட்டம் முடிந்த பிறகு பார்த்தால் சண்டைதான். ஓடுகிற பிள்ளைகள் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னாலேயே மட்டையைத் தரையில் வைத்து இழுத்துக்கொண்டே போங்கள். அந்தப் பையன் இப்போது எங்களுக்கு மூன்றாவது இடத்தில் ஆடுகிறான், ஒவ்வொரு ரன்னுக்கும் அப்படித்தான் இழுக்கிறான், பிட்ச்சில் விரித்த மேட்டில் மட்டை பட்டு வருகிற அந்தச் சத்தம் நான் உட்கார்ந்திருக்கிற மேசை வரைக்கும் கேட்கும். வரட்டுமுங்களா.