கேம்ப்பில் பிரஷர் 152/96 வந்ததா? அந்தச் சீட்டைப் படிப்பது எப்படி

[திரையில்: கசங்கிய சீட்டு. பேனாவில் 152/96]

வணக்கம். இது என்னுடைய சீட்டு. வேலை செய்யும் இடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். வரிசையில் நின்றேன், கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள், எழுதிக் கொடுத்தார்கள். "கொஞ்சம் அதிகம் சார், பாத்துக்குங்க." எதைப் பார்த்துக்கொள்வது? நானும் கேட்கவில்லை. சீட்டு ஆறு மாதம் டிராயரில் கிடந்தது.

சரி, எண்ணைப் படிப்போம்.

[திரையில்: 152, அதன்கீழ் 96]

மேலே உள்ளது, இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழே உள்ளது, அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளரும்போது மிச்சமிருக்கும் அழுத்தம். நம் ஊர் மருத்துவர்கள் பெரும்பாலும் போடும் கோடு 140/90. இரண்டில் ஒன்று தாண்டினாலும் கணக்கில் வரும். ஆனால் ஒருநாள் தாண்டியதை வைத்து உடனே முத்திரை குத்த மாட்டார்கள். இன்னொரு நாளும் எடுத்துப் பார்ப்பார்கள். 180/110-ஐத் தொட்டால் மட்டும் நாள் தள்ளக் கூடாது.

அன்றைக்கு நான் எப்படிப் போய் உட்கார்ந்தேன் தெரியுமா? இரண்டு மாடி ஏறி, டீ குடித்த வாயோடு. பட்டை இறுகும்போதே பின்னால் நின்றவர், "அண்ணே, எவ்வளவு வந்துச்சு?" என்கிறார். நான் திரும்பிப் பதில் சொல்கிறேன். எண் ஏறாமல் என்ன செய்யும்?

[திரையில்: நாற்காலியில் ஒருவர், கை மேஜை மேல்]

டீ, காபி, சிகரெட் எல்லாம் அரை மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பட்டை சட்டைத் துணிமேல் அல்ல, தோல்மேல். பேச்சு அப்புறம்.

"எனக்குத் தலைசுற்றலே இல்லையே" என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. எண் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு பேச்சு: "நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்." என்னைக் கேட்டால் இதைவிட ஆபத்தான சொல் இல்லை. நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் மெல்ல மறுபடி ஏறும், சத்தமில்லாமல். குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லி நடக்க வேண்டும்.

இடுப்புவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றலாம். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

[திரையில்: மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கம்]

உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்துத்தான். பாக்கெட்டில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்குங்கள். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

தமிழ்நாட்டில் பிரஷர் மாத்திரைக்குக் காசு தடையாக இருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர் கையில் அது கிடைப்பதில்லை என்பது வேறு கதை. வீட்டில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள்.

[திரையில்: பழைய சீட்டுக்குப் பக்கத்தில் புதிய சீட்டு]

ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலையில், டீ குடிக்காமல், வாயைத் திறக்காமல் உட்கார்ந்து மறுபடி எடுத்தேன். மாடி ஏறியதால் வந்த பிரஷர்தான் அது என்று மனசுக்குள் ஒரு நம்பிக்கை. 144/92 வந்தது. அடுத்த வாரமும் அதே கதை. இப்போது காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன்.