கபிரியேலுக்கும் உண்டு ஒரு படுகளம்

வணக்கம். தருமபுரியிலிருந்து பேசுகிறேன். இந்தக் காணொளியை ஞாயிற்றுக்கிழமை இரவே எடுத்திருக்க வேண்டும். நான் போட்டுக் காட்டிய ஆங்கிலப் பேய்ப் படம் ஒன்றின் இரண்டாம் பாகத்தை, முடிவைக்கூடப் பார்க்காமல் வீட்டில் மட்டம் தட்டிவிட்டார்கள். அன்றைக்கு இருந்த கோபத்தில் பேசியிருந்தால் வீட்டில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பார்கள் என்பதால், மூன்று நாள் ஆறவிட்டு, வழக்கம்போல் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் ஏன் எழுத்துத் தமிழில் பேசுகிறேன் என்று கேட்கும் புதியவர்கள் பழைய காணொளிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கதைக்கு இன்று நேரமில்லை.

சென்ற மாதம் 'தி ப்ராஃபசி' என்ற பேய்ப் படத்தைப் பற்றிப் பேசினேன் அல்லவா? 1995ஆம் ஆண்டில் வந்தது. கிரிகரி வைடன் எழுதி இயக்கியது. வானதூதர்களுக்குள்ளேயே போர் மூண்டு, மனிதர்களை வெறுக்கும் கபிரியேல் பூமிக்கு இறங்கி வருகிற கதை. அதன் இரண்டாம் பாகம் 1998ஆம் ஆண்டில் வந்தது. திரையரங்குக்குப் போகாமல் நேராக வீடியோ கடைக்குப் போன படம் அது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது: மல்கோவாவும் செந்தூராவும் சந்தைக்கு வந்து, மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்கப்பட்டு, விலை பேசப்படும், பெங்களூரா மட்டும் தோப்பிலிருந்து லாரி ஏறினால் மாங்கூழ் தொழிற்சாலையில்தான் இறங்கும். இந்தப் படமும் அப்படிக் கூழுக்கென்றே பறிக்கப்பட்ட பழம். அதனால் அது மோசமான பழம் என்று ஆகிவிடாது. நானே சிறு வயதில் பெங்களூராவை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுதான் வளர்ந்தேன்.

அந்தப் படத்தின் டிவிடி தகடு அமெரிக்காவிலிருந்து வந்தது. பள்ளித் தோழி ஒருத்தி ஓசூருக்கு விடுமுறையில் வந்தபோது, நான் கேட்டதற்காகத் தேடி எடுத்து வந்து கொடுத்தாள். நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள பழைய பொருள் கடையில் டிவிடி பிளேயர் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் 900 ரூபாய் சொன்னார். நான் 500இல் தொடங்கி, இரண்டு முறை கடையைவிட்டு வெளியேறி, மூன்றாம் முறை அவரே கூப்பிட்டதால் 650 ரூபாய்க்கு முடித்தேன். பெருமையோடு வீட்டுக்கு வந்து தகட்டைப் போட்டால், திரையில் ஒரே ஒரு வரி: இந்தத் தகடு இந்த வட்டாரத்துக்கு உரியதன்று. டிவிடி உலகத்தில் அமெரிக்கா 1ஆம் எண் வட்டாரம், இந்தியா 5ஆம் எண் வட்டாரம். ஒன்றின் தகடு மற்றொன்றின் இயந்திரத்தில் ஓடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். கணினியில் போடலாமே என்பீர்கள். கணினியில் தகடு போடும் தட்டில் வட்டார எண்ணை ஐந்து முறைதான் மாற்ற முடியும் என்பதையும், என் பழைய கணினியில் அந்த ஐந்தையும் நான் எப்படி வீணடித்தேன் என்பதையும் ஒரு முழுக் காணொளியில் அழுதிருக்கிறேன்.

பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் அந்த வேலி விலகிவிடும். என் பிளேயருக்கான வரிசையும் கிடைத்தது. அதில் 9 இருந்தது. என் ரிமோட்டில் 9 மட்டும் செத்துக் கிடந்தது. புதிய ரிமோட் 180 ரூபாய் என்றார்கள். இயந்திரத்துக்கே 650 கொடுத்தவள் ஒரு பொத்தானுக்காக 180 கொடுப்பேனா? ரிமோட்டின் மேல்மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்து, 9க்குக் கீழே இருந்த கருப்புப் பொட்டைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் பதமாகத் தேய்த்து, துணியால் துடைத்து மூடினேன். 9 உயிர்த்தெழுந்தது. படத்தில் கபிரியேல் நரகத்திலிருந்து வெளியே வருகிற காட்சியைவிட எனக்கு அதுதான் மெய்சிலிர்ப்பாக இருந்தது என்று சொன்னால் நம்புங்கள்.

இனிக் கதைக்கு வருகிறேன். முதல் பாகத்தின் முடிவில் கபிரியேலைச் சாத்தானான லூசிஃபர் நரகத்துக்கு இழுத்துப் போனார். இரண்டாம் பாகத்தில் கபிரியேல் திரும்பி வருகிறார். டேன்யேல் என்ற வானதூதர் ஒருவர், செவிலியாக வேலை செய்யும் வலெரி என்ற பெண்ணின் கார் மோதி அவளுக்கு அறிமுகமாகிறார், அவள் கருவுறுகிறாள். வானதூதருக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறக்கப்போகிற அந்தப் பிள்ளை போரின் போக்கையே மாற்றிவிடும் என்பதால், பிறப்பதற்கு முன்பே அதை அழிக்கக் கபிரியேல் அலைகிறார். விவிலியத்தின் தொடக்க நூலில் ஆறாம் அதிகாரத்தில் இதற்கு ஒரு விதை இருக்கிறது. தேவகுமாரர்கள் மனிதப் பெண்களோடு கூடியதைச் சொல்லும் அந்த இடத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'இராட்சதர்' என்ற சொல் வரும்.

ஞாயிறு மாலை கூடத்தில் ஐந்து பேர் கூடினோம்: நான், அக்காவின் கணவரான மாமா, கல்லூரியில் படிக்கும் சித்தி மகள், எதிர்வீட்டு எலத்தகிரி அத்தை, பாலக்கோட்டிலிருந்து வந்திருந்த தாத்தா. அத்தை எனக்கு உறவில்லை. எலத்தகிரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர் என்பதும், அவருடைய கருத்துகள் எவ்வளவு காரமானவை என்பதும் உங்களுக்கே தெரியும். தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது; அவருக்காக நான் இடையிடையே படத்தை நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னேன். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம் எங்கள் வீட்டில் இரண்டரை மணி நேரம் ஓடியதற்கு அதுவே காரணம்.

அத்தை முதல் பத்து நிமிடத்திலேயே தீர்ப்பை எழுதிவிட்டார். கபிரியேல் அதிதூதர் மாதாவிடம் வந்து மங்கள வார்த்தை சொன்னவர். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரமே அவருடையது. அவரைப் போய்க் கொலைகாரனாகக் காட்டுகிறவர்களுக்குக் கை விளங்குமா என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளை பிறக்கப்போகிறது என்று சொல்ல வந்த தூதரையே, ஒரு பிள்ளை பிறக்கக் கூடாது என்று அலையவிட்டது இந்தக் கதையின் துணிச்சல். அத்தைக்குக் கோபம் வருவது அந்தத் துணிச்சல் உறைத்திருக்கிறது என்பதற்கே சான்று. இதைச் சொன்னபோது அத்தை என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

மாமாவுக்கு வேறு குறை. தெய்வத்தன்மை உள்ளவர்களால் மானிடப் பெண்ணுக்குப் பிள்ளை பிறப்பது நமக்குப் புதிதா, குந்தியின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் இதைக் காட்டி யாரைப் பயமுறுத்துகிறார்கள் என்றார். அடுத்ததாக, முதல் பாகத்தில் லூசிஃபராக வந்த விகோ மார்ட்டென்சன் இதில் இல்லை. நரகத்தின் அதிபதி இல்லாமல் தேவதூதர் சண்டை எதற்கு என்றும் கேட்டார். அந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. மார்ட்டென்சன் முதல் படத்தில் வந்ததே சில காட்சிகளில்தான். ஆனால் அந்தச் சில காட்சிகளில் ஒரு ரோஜாப் பூவை முகர்வது போல மெதுவாகப் பேசி எலும்பு வரை குளிரவைத்தார். அந்தக் குளிர் இரண்டாம் பாகத்தில் எந்த இடத்திலும் இல்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், பின்னால் போகிறேன். முதல் பாகத்தின் நாயகன் தாமஸ் டாகெட், பாதிரியாராகப் போக வேண்டியவர், காவல்துறைக்குப் போனவர். அவராக எலியாஸ் கோட்டியஸ் நடித்தார். இரண்டாம் பாகத்தில் அதே பாத்திரத்தில் புரூஸ் அபட் என்ற வேறு நடிகர் துறவி உடையில் வருகிறார், வந்ததும் கபிரியேலின் கையால் இறக்கிறார். நாயகனின் முகத்தையே மாற்றி, மாற்றிய முகத்தையும் உடனே எரித்துவிட்டால், சென்ற பாகத்தைப் பார்த்து அழுதவர்களுக்கு என்ன மரியாதை? மாமா இதைக் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தால் அவருடைய கட்சிக்கு நானே வக்காலத்து வாங்கியிருப்பேன்.

சித்தி மகளுக்குப் பிடித்தது ஒரே பாத்திரம்தான்: இஸ்ஸி. காதலனோடு உயிரை விட முடிவெடுத்த சின்னப் பெண். சாகவிடாமல் கபிரியேல் அவளைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். காரணம் கருணை இல்லை. யுகக் கணக்காக வாழ்ந்த அதிதூதருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கணினியைத் தொடத் தெரியாது. அதற்கு ஒரு கையாள் தேவை. பிரிட்டனி மர்ஃபி இஸ்ஸியாக நடித்தார். 2009ஆம் ஆண்டில் 32 வயதில் அவர் இறந்தது தெரிந்து பார்க்கும்போது, சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் அந்தப் பெண் விழிக்கிற விழி வேறு மாதிரிதான் தைக்கிறது. கணினித் திரைக்கு முன்னால், கபிரியேலாக நடித்த கிறிஸ்டோபர் வாக்கென் தலையைச் சாய்த்து, கோழி புழுவைப் பார்ப்பது போலப் பார்க்கிற காட்சிக்குக் கூடமே சிரித்தது. மாமாவும் சிரித்தார், சிரித்துவிட்டுப் பிறகு இது பேய்ப் படமா நகைச்சுவைப் படமா என்று குறை சொன்னார்.

இந்த இடத்தில்தான் தாத்தா வாயைத் திறந்தார். இளவயதில் பாலக்கோடு பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர் அவர். 'துரியோதனன் சபைக்குள் வரும்போது கட்டியக்காரன் சிரிக்க வைப்பான். சிரித்துக்கொண்டிருக்கிற கூட்டத்தைத்தான் பயமுறுத்த முடியும். விறைத்து உட்கார்ந்திருக்கிறவனை எதைக் காட்டியும் அசைக்க முடியாது' என்றார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. வாக்கென் சிரிக்க வைத்துக்கொண்டே ஒரு மனிதரின் மார்புக்கு நேராகக் கையை நீட்டும்போது, சிரிப்பு நம் வாயிலேயே உறைந்துபோகிறது.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். என் வழக்கே அதுதான். அத்தை அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்தார். மாமா அக்காவை அழைத்து வரப் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினார். சித்தி மகள் இஸ்ஸியின் கதை முடிந்ததும் செல்பேசிக்குள் போய்விட்டாள். அப்படிப் போனவர்கள்தான் இரவுச் சாப்பாட்டில், முதல் பாகத்தின் கால் தூசுக்கு ஆகாது என்று ஒரே குரலில் முடித்தார்கள்.

அவர்கள் பார்க்காமல் விட்டது எதை? ஏதேன் தோட்டம். இந்தப் படத்தில் ஏதேன் துருப்பிடித்த இரும்பும் புகையுமாக, கைவிடப்பட்ட தொழிற்சாலை போல் கிடக்கிறது. காவலுக்கு மிக்கேல் அதிதூதர் நிற்கிறார். மிக்கேலாக எரிக் ராபர்ட்ஸ் பெரிதாக எதுவும் செய்யவில்லை, அதைத் தாண்டிப் போகலாம். வலெரியாக நடித்த ஜெனிஃபர் பீல்ஸ் அங்கேதான் படத்தைக் கையில் எடுக்கிறார். கடவுள் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்பதுதான் கபிரியேலின் நெஞ்சில் கிடக்கிற முள். மனிதர்கள் மீதுள்ள வெறுப்பெல்லாம் அதிலிருந்து வந்தது. அப்படிப்பட்டவரின் பிடியில் இருந்துகொண்டு, கடவுளின் சொல்லை நம்பி, அந்தப் பெண் அவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு உயரத்திலிருந்து விழுகிறாள். அவள் பிழைக்கிறாள். கூரான கம்பியில் குத்துப்பட்டுக் கிடக்கிற கபிரியேலுக்கு மரணம்கூடக் கிடைக்கவில்லை. அவர் எந்த இனத்தைக் குரங்கென்று ஏசினாரோ அந்த இனத்திலேயே ஒருவராக, மனிதராக ஆக்கப்படுகிறார். அதற்குப் பிறகு நீண்ட தலைமுடியும் அழுக்கு உடையுமாகத் தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கிறார் நம் அதிதூதர்.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். தாத்தா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'படுகளம்' என்றார், அவ்வளவுதான். பாரதக் கூத்து முடியும் பதினெட்டாம் போர் அன்று காலையில் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பதையும், இரவெல்லாம் அவனை ஏசிய பெண்களே அவன் தொடை பிளந்ததும் ஒப்பாரி வைப்பதையும் நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. கிறிஸ்தவக் கதையில் வந்த வில்லன் ஒருவனுக்காகப் பாலக்கோட்டுக் கிழவர் அழுததற்கு, அந்த முடிவு சரியாக அமைந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை.

படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். டேன்யேலாக ரஸ்ஸல் வாங் அழகாக நிற்கிறார், நிற்பதோடு சரி. முதல் பாகத்தில் அரிசோனாப் பாலைவனமும் பள்ளிக்கூடமும் கண்ணிலேயே நின்றன. இதில் பாதிப் படம் இருட்டுத் தெருக்களில் ஒருவரை ஒருவர் துரத்துவதிலேயே தீர்ந்துவிடுகிறது. ராக் பாடகர் கிளென் டான்ஸிக் சமயேல் என்ற தூதராகத் தலைகாட்டுகிறார். எதற்கென்று கடைசி வரை விளங்கவில்லை. கிரெக் ஸ்பென்ஸின் இயக்கத்தில் சண்டைகள் கோர்வையாகவும் இல்லை.

மாம்பழ மதிப்பெண் போடாமல் போனால் விடமாட்டீர்கள். முதல் பாகத்துக்கு மல்கோவா கொடுத்திருந்தேன், அது அப்படியே இருக்கட்டும். இரண்டாம் பாகத்தின் முதல் எழுபது நிமிடத்துக்குப் பெங்களூரா, கடைசிப் பத்து நிமிடத்துக்குச் செந்தூரா. மாமா, இந்தக் காணொளியை நீங்கள் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தகடு தொலைக்காட்சிக்கு மேல் இருக்கிறது, ரிமோட்டில் 9ஐக் கொஞ்சம் அழுத்தி அமுக்க வேண்டும்.